எங்க ஊர்ல அப்ப கடலே இல்லை

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. "உயிரோடத்தான் இருக்கீரா?" என்று மடல் போட்ட நண்பருக்கு: இருக்கிறேன், ஆபீஸ்தான் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டது. இது நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் குப்பை கொட்டும் சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் கிம்மரிட்ஜ் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஸ்டீவ் எட்ச்சஸ் என்கிற மனிதரின் மியூசியம் இருக்கிறது. அவர் தொழில்முறையில் ப்ளம்பர். கடலோரப் பாறைகளில் பல வருஷமாகத் தானே பொறுக்கிச் சேர்த்த புதைபடிவங்களுக்காக 2016-ல் ஒரு கட்டடமே எழும்பிவிட்டது. (நம் ஊரில் குழாய் ரிப்பேருக்கு வருபவர் வந்த வேலையை முடித்துவிட்டுப் போனாலே நமக்குத் திருவிழா.) 2022-ல் பக்கத்துக் கடற்கரையில் முதலில் மூக்கு நுனி மட்டும் கிடைத்தது. மீதி மண்டை செங்குத்தான பாறைச் சுவரில், தரையிலிருந்து பத்து மீட்டருக்கும் மேலே மாட்டிக்கொண்டிருந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டே வெட்டி எடுத்தார்கள். 2024 புத்தாண்டு அன்று அட்டன்பரோ தாத்தா பிபிசியில் அதைக் காட்டினார், பார்த்திருப்பீர்கள்.

டிவியில் பார்ப்பது வேறு. எதிரே போய் நின்றால் வயிறு கொஞ்சம் சில்லிடுகிறது. மண்டை மட்டும் 2 மீட்டர். 130 பற்கள். ப்ளையோசார் என்று பெயர். குட்டைக் கழுத்து, நாலு துடுப்பு, மீதியெல்லாம் வாய். கடிக்கும் விசை சுமார் 33,000 நியூட்டன் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு உலகத்திலேயே பலமாகக் கடிக்கும் உப்புநீர் முதலைக்கு 16,000. உடம்பு இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கலாம் என்கிறார்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளையோடு போனால் பேச்சு முழுக்கச் சைஸ் பற்றித்தான். 1999-ல் பிபிசியின் 'வாக்கிங் வித் டைனோசார்ஸ்' தொடரில் லையோப்ளூரோடான் என்ற ப்ளையோசாரை 25 மீட்டர், 150 டன் என்று காட்டி உலகத்துப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தார்கள். உண்மையில் அது ஆறேழு மீட்டர்தான். அதற்காகப் பல வருஷம் கிண்டலும் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடருக்கு ஆலோசகராக இருந்த டேவிட் மார்ட்டில் 2023-ல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு சின்ன மியூசியத்தின் டிராயரில் கிடந்த முதுகெலும்புத் துண்டுகளை அளந்து பார்த்தார். அந்த ப்ளையோசார் 9.8 முதல் 14.4 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று முடிவு. 25 இல்லை. ஆனாலும் மனுஷனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதெல்லாம் பேசிக்கொண்டே வெளியே வந்தோம். பையன் கேட்டான்: "அப்பா, இது தாத்தா வீட்டுகிட்ட இருந்துதா?"

தாத்தா வீடு திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத்தில். பையனுக்கு அந்த ஊர் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணு வாரம். கொசு, பலாப்பழம், சங்குமுகம் கடற்கரை, அவ்வளவுதான். ஸ்கூலில் "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் சவுத்தாம்ப்டன் என்கிறான். கேட்பவர்கள் அத்தோடு விடுவதில்லை. "இல்லை, நிஜமா எந்த ஊர்?" என்று இரண்டாவது கேள்வி வரும். அந்த இரண்டாவது கேள்விக்கு அவனிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு ராட்சசப் பல்லி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ராத்திரி ராத்திரியாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நல்ல சேதி. இந்தியாவில் இருந்திருக்கிறது. கட்ச் மாவட்டத்தில் பூஜ் பக்கம் லோடாய் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு இக்தியோசாரின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. இக்தியோசார் என்றால் மீன்பல்லி. பார்க்க டால்பின் மாதிரி இருக்கும். மீனும் இல்லை, டால்பினும் இல்லை, ஊர்வன. மேலே வந்து மூச்சு விடும், தண்ணிக்குள்ளேயே குட்டி போடும். டில்லி பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத்தும், கட்ச் பல்கலைக்கழகத்துக்காரர்களும், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2017 அக்டோபரில் 'ப்ளோஸ் ஒன்' இதழில் எழுதினார்கள். நீளம் சுமார் 5.5 மீட்டர், வயது சுமார் 15.2 கோடி வருஷம். இந்தியாவின் ஜுராசிக் பாறையில் கிடைத்த முதல் இக்தியோசார் அதுதான். பற்கள் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், கெட்டியான, ஓடுள்ள இரையைக் கடித்துத் தின்றிருக்கிறது என்கிறார்கள். அதே பாறையில் அம்மோனைட்டுகளும் பெலம்னைட்டுகளும் கிடைக்கின்றன. இரண்டும் கணவாய் மீனுக்குச் சொந்தக்காரர்கள். அம்மோனைட்டுக்கு நத்தை மாதிரிச் சுருண்ட ஓடு, பெலம்னைட்டுக்கு உடம்புக்குள்ளே துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு கூடு. அம்மோனைட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வயதுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். லோடாய் பாறை 'கிம்மரிட்ஜியன்' காலம். ஆமாம், நாங்கள் போன அதே கிம்மரிட்ஜ். நிலவியலாளர்கள் ஜுராசிக்கின் பிற்பகுதியில் ஒரு துண்டு காலத்துக்கு இந்தக் குக்கிராமத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். குஜராத்தில் வெயிலில் தோண்டியெடுத்த எலும்புக்கும் டார்செட் கிராமத்தின் முத்திரை. வெள்ளைக்காரன் முதலில் ரிஜிஸ்டரைத் திறந்தான், அதனால் அவன் ஊர்ப் பெயர். இதில் கோபித்துக்கொள்ளவும் முடியாது. தெற்குக் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த நிலத்துக்கு உலகமே சொல்லும் 'கோண்டுவானா' என்ற பெயர் நம் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து போனதுதானே.

அடுத்து திருச்சிப் பக்கம். இங்கேதான் தங்கமணி காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் லால்குடி. ஊட்டத்தூர், காரை, அரியலூர் வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879-ல் ரிச்சர்ட் லிடெக்கர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். அப்புறம் 2011-ல் ஒரு குழு (இதிலும் பிரசாத் இருக்கிறார்) அதே வட்டாரத்துப் பாறையிலிருந்து சுறாப் பற்களோடு இக்தியோசார் பற்களையும் எடுத்து எழுதியது. வயது பத்துக் கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் கீழே. அதாவது ஜுராசிக் முடிந்து கிரட்டேசியஸ்.

"பாத்தேளா? எங்க ஊர்தான்" என்றாள் தங்கமணி.

"அது ஜுராசிக் இல்லை."

"கடல் இருந்துதா இல்லியா? பல்லி இருந்துதா இல்லியா? உங்க ஊர்ல என்ன இருந்துது, சொல்லுங்கோ."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு தோல்வியை நான் கண்டதில்லை :-)

சரி, எங்க ஊர்ல என்ன இருந்தது? கோவளத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகைக்குக் கோண்டலைட் என்று பெயர். சுமார் 55 கோடி வருஷம் முன்னால் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. டைனோசார், மீன்பல்லி எல்லாம் பிறப்பதற்கு வெகு முன்னால். அதில் எலும்பைத் தேடுவது தோசைக்கல்லில் மீனைத் தேடுவது மாதிரி. அதற்கு மேலே, வர்க்கலையில் செக்கச்செவேலென்று நிற்கிற குன்றும் கொல்லம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் மயோசீன் காலத்தவை, அதாவது ரொம்பப் பிந்தியவை. வில்லியம் கிங் என்ற நிலவியலாளர் 1882-லேயே இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டார். நடுவில் ஜுராசிக் ஏடு மட்டும் இல்லை. கிழிந்து போகவில்லை, எழுதப்படவே இல்லை.

காரணம் எளிது. கடலே இல்லை.

இதைப் படித்தபோது நான் உண்மையிலேயே எழுந்து ஜன்னல்கிட்டப் போய் நின்றேன். சங்குமுகம் இல்லாத திருவனந்தபுரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சின்ன வயசில் அங்கே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, எதிரே ஆப்பிரிக்கா வரைக்கும் தண்ணிதான் என்று அப்பா சொல்வார். ஜுராசிக்கில் அதே இடத்தில் உட்கார்ந்தால் எதிரே தண்ணி இல்லை, மடகாஸ்கர். ஒட்டிக்கொண்டு, ஒரே நிலமாக. அச்சன்கோவில் பக்கம் பூமிக்குள் ஓடும் ஒரு பழைய பிளவுக் கோட்டின் தொடர்ச்சி மடகாஸ்கரில் இருக்கிறது என்று சொல்கிற நிலவியலாளர்கள் உண்டு. சபரிமலை சீசனில் நாம் தாண்டிப்போகும் அதே அச்சன்கோவில்.

(இந்த இடத்தில் லெமூரியா, குமரிக் கண்டம் என்று யாராவது கிளம்புவீர்கள் என்று தெரியும். லெமூரியா என்ற பெயரை 1864-ல் வைத்தவர் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரில் இருக்கும் லெமூர் குரங்குகளுக்கு இந்தியாவிலும் உறவுக்காரர்கள் எப்படி என்று யோசித்து, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கிப்போயிருக்கும் என்றார். மூழ்கவெல்லாம் இல்லை. நிலம் அப்படியே விலகிப் போய்விட்டது. மூழ்கினால் காவியம். விலகிப்போனால் வெறும் குடும்பக் கதை, யாரும் பாட்டு எழுத மாட்டார்கள்.)

மடகாஸ்கர் எப்போது விலகியது? சுமார் 8.8 கோடி வருஷம் முன்னால். உடுப்பிக்கு எதிரே இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவின் எரிமலைப் பாறைகள் அந்தப் பிரிவினையின்போது வந்தவை. இப்போது இன்னொரு தேதியைப் பக்கத்தில் வையுங்கள். இக்தியோசார்கள் அடியோடு அழிந்தது சுமார் 9.4 கோடி வருஷம் முன்னால். ப்ளையோசார்களும் கொஞ்சம் முன்னே பின்னே, அதே காலவாக்கில் முடிந்துபோகின்றன.

எங்க ஊருக்கு மேற்கே கடல் வந்து சேர்ந்தபோது மீன்பல்லிகள் கிளம்பிப் போயாகிவிட்டது. ஐம்பது அறுபது லட்சம் வருஷ வித்தியாசம். நிலவியல் கணக்கில், ரயில் கிளம்பிய பிறகு ப்ளாட்பாரத்துக்கு வருவது மாதிரி. நீண்ட கழுத்து ப்ளீசியோசார்களும் மோசசார் என்ற கடல் பல்லிகளும் 6.6 கோடி வருஷம் முன்பு வரை உலகத்துக் கடல்களில் இருந்தன. அந்தப் புதுக் கடலில் அவை நீந்தியிருக்கலாம். ஆனால் காட்டுவதற்கு நம் பக்கம் அந்தக் காலத்துப் பாறை கரையில் இல்லை. பையன் கேட்டது இதுவும் இல்லை.

இத்தோடு "இல்லைடா கண்ணா, தாத்தா ஊர்ல ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். அன்றைக்கு அம்மோனைட் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருள் சுருளாக, விளிம்பில் வரிவரியாக. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. மியூசியத்தில் இல்லை, அதற்கும் வெகு முன்னால். எங்கள் வீட்டுப் பூஜை அறையில், வெள்ளிச் சம்புடத்தில்.

சாளக்கிராமம்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது பழைய சேதி. நேபாளத்தில் முக்திநாத்துக்குக் கீழே ஓடும் காளி கண்டகி நதி கொண்டுவரும் கருங்கற்கள்தான் சாளக்கிராமம். பலவற்றின் உள்ளே இருக்கும் சக்கரம், அம்மோனைட் ஓட்டின் அச்சு. பெரும்பாலும் ஜுராசிக் பிற்பகுதி. அந்த உருண்டைகள் வருகிற கருப்புக் களிப்பாறைக்கு ஸ்பிதி ஷேல் என்று பெயர். இந்தியா வடக்கே போய் முட்டுவதற்கு முன் நடுவில் கிடந்த டெத்திஸ் கடலின் அடித்தரை அது. முட்டிய வேகத்தில் கடல் அடி மலையாகிவிட்டது. அந்தக் கடலிலும் ராட்சசர்கள் உண்டு. திபெத்தில் கிடைத்த ஹிமாலயசாரஸ் என்ற மீன்பல்லி ஜுராசிக்குக்கும் முந்தியது. ஓரம் கூரான பற்கள் உள்ள பெரிய வேட்டைக்காரன்.

இனிமேல்தான் எனக்குப் புல்லரித்தது. திருவனந்தபுரத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பத்மநாப சுவாமி மூலவிக்ரகம் எதனால் ஆனது என்று. 12,008 சாளக்கிராமங்கள். கண்டகியிலிருந்து வந்தவை என்பது கோயில் மரபு. 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில், கடுசர்க்கரை யோகம் என்ற கலவையோடு சேர்த்து அமைத்தது. பதினெட்டு அடி நீளம், மூணு வாசல் வழியாக முகம், நாபி, பாதம் என்று பார்க்க வேண்டும். நான் பெரிய கோயில் ஆசாமி இல்லை. ஆனாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூணு வாசலையும் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஜுராசிக் கடல் கூட வராத ஊர். அந்த ஊருக்கு மனிதர்கள் மலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து, 12,008 துண்டுகளாக ஜுராசிக் கடலின் அடித்தரையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அதைப் பாற்கடலில் பாம்பின் மேல் படுத்திருப்பவனாக வேறு வடித்திருக்கிறார்கள். கட்ச் மீன்பல்லி கடித்துத் தின்ற வகையறாவின் ஓடுகள் எங்க ஊர் கர்ப்பகிருகத்தில். அந்தக் கற்களுக்குள் என்ன இருந்தது என்று சுமந்தவர்களுக்குத் தெரியாது. கடல் சம்பந்தப்பட்டவன் என்று மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் இதில் நான் எதையும் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை. 'அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்கள்' ரகப் பதிவு இது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். அப்பாவுக்கு 79. அம்மா போய் ஆறு வருஷம். அந்த வீட்டில் அவரும், காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகும் ஒரு மாமியும், அந்தச் சம்புடமும்தான். இங்கே வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் சொல்லும் காரணம் அந்தச் சம்புடம். சாளக்கிராமத்தைப் பட்டினி போடக்கூடாது. தினம் ஒரு உத்தரணி தீர்த்தம், ஒரு துளசி, நைவேத்தியத்துக்கு ஒரு பிடி சாதம். அவருடைய தாத்தாவிடமிருந்து வந்தது. "எனக்கப்புறம் யாருடா?" என்று போன தடவை ஊருக்குப் போனபோது கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். கோயிலில் கொடுத்துவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மீன்பல்லி, மடகாஸ்கர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் ஆடிட் பார்த்து ரிடயர் ஆனவர், எண்களை மட்டும் திருப்பிக் கேட்பார். "பதினஞ்சு கோடியா?" என்றார். "ஆமா."

"அது சரி. அப்பறம்?"

"அப்பறம் என்ன? கல்லுக்குள்ள இருக்கறது ஒரு கடல் ஜீவன்."

"ஜீவன் இருக்குன்னுதானேடா நான் சாதம் வைக்கறேன்" என்றார். சிரிக்கிறாரா என்று திரையில் சரியாகத் தெரியவில்லை. அங்கே கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பையன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டான். நம்ம வீட்டுக் கல்லில் ஒரு ஓரம் உடைந்திருக்கும். உடைந்தாலும் சாளக்கிராமம் பூஜைக்கு உண்டு என்பார் அப்பா. அந்த உடைந்த இடத்தில் வரிகள் தெரியும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

"தாத்தா, அந்த ஸ்டோனைக் கேமராகிட்டக் காட்டுங்கோ. உடைஞ்ச சைடு. எனக்கு ரிப்ஸ் எண்ணணும்."

"இப்ப தொடப்படாதுடா கண்ணா. சாப்பிட்டாச்சு. நாளைக்குக் காலம்பற ஸ்நானம் பண்ணிட்டுக் காட்டறேன். ஆறு மணிக்கு."

"சிக்ஸ் ஓ க்ளாக் யுவர் டைமா? அப்ப எனக்கு நைட் ஒன் தர்ட்டி, தாத்தா!"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். ஐம்பது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு நடக்கும் பூஜை.

"அப்ப சனிக்கிழமை பதினொண்ணரைக்குப் பண்றேன். உனக்கு ஏழு மணி ஆகுமா? பல் தேச்சுட்டு வந்து உக்காரு. ஸ்கேல் இருந்தா எடுத்துக்கோ."